சிறிய ஒயின், வெர்முத் மதுக்கூடத்திற்கு முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடியிருப்புப் பகுதிகளில் இயங்கும் சிறிய ஒயின், வெர்முத் (மூலிகை ஊறவைத்த ஒயின் வகை) மதுக்கூடங்களில் இருக்கைகள் குறைவாகவே இருக்கும். ஊற்றிக் கொடுப்பது, பரிமாறுவது, கணக்குப் பார்ப்பது ஆகிய எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் செய்வார்கள். கூட்டம் சேர்ந்த பிறகு அவர்களுக்கு உங்களிடம் நின்று பேச நேரமிருக்காது. ஆகவே கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்திற்குள் சென்று, இடமிருந்தால் கவுன்டரின் முன்னாலேயே அமருங்கள். திறந்திருக்கும் பாட்டில்கள் அங்கிருந்து கண்ணில் படும். சந்தேகம் கேட்கக் குரலை உயர்த்தவும் வேண்டியிராது. அன்று அடர்த்தியான வாசனைத் திரவியம் பூசாமல் செல்வது நல்லது. சிறிய அறையில் அந்த வாசனை உங்கள் கோப்பையின் மணத்தோடு, பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் கோப்பை மணத்தையும் மறைத்துவிடும்.

முதல் கோப்பை வெர்முத்தாக இருக்கட்டும் என்பதே என் உறுதியான பரிந்துரை. ஒயின் பட்டியல் நீளமாக இருந்து புதியவரைத் தயங்க வைக்கலாம். வெர்முத்தில் தேர்வுகள் சிலவே. உணவுக்கு முன் அருந்தும் பானம் என்பதால் மாலையின் தொடக்கத்திற்கும் அது பொருந்தும். அடிப்படையில் வெர்முத்தும் ஒயின்தான். அதில் மூலிகைகளையும் வாசனைப் பொருள்களையும் ஊறவைத்து, சற்று மதுச்சாரமும் பெரும்பாலும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி அதில் குறைந்தது 75 விழுக்காடு ஒயின் இருக்க வேண்டும், மதுச்சாரம் 14.5 முதல் 22 விழுக்காட்டுக்குள் அமைய வேண்டும். நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஆர்ட்டிமீசியா மூலிகை கட்டாயம் இடம்பெற வேண்டும். அடிநாக்கில் தங்கும் கசப்பு பெரிதும் அதிலிருந்தே வருகிறது. அதனுடன் ஆரஞ்சுத் தோல், கிராம்பு, இலவங்கப்பட்டை, ஏலக்காய், ஜென்ஷியன் என்ற கசப்புச் செடியின் வேர் போன்றவற்றை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கே உரிய விகிதத்தில் சேர்க்கிறார்கள். இத்தாலியின் தூரின் நகரில் 1786ஆம் ஆண்டு அந்தோனியோ பெனெடெட்டோ கார்ப்பானோ விற்கத் தொடங்கிய இனிப்பு வெர்முத்தையே இன்றைய வகையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். சிவப்பு வெர்முத் சிவப்பு ஒயினிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அதற்கும் வெள்ளை ஒயினே அடிப்படை, நிறம் பழுப்பாகும்வரை காய்ச்சிய சர்க்கரையிலிருந்து கிடைக்கிறது.

ஒயின் என்பதாலேயே வெர்முத் கெட்டுப்போகவும் செய்யும், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. திறந்த பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மாதம் நன்றாக இருக்கும். அதன்பின் மூலிகை மணம் மங்கி, தட்டையான சுவை தலைதூக்கும். விஸ்கி, ரம் பாட்டில்களுக்கு நடுவே வெளிச்சம் படும் அலமாரியில் பல மாதங்களாகத் திறந்து கிடக்கும் வெர்முத்தை அருந்திவிட்டு, இந்தப் பானமே தமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்தவர்கள் பலர் என்பது எனக்கு உண்மையான வருத்தம். எனவே கவுன்டரில் அமர்ந்ததும் வெர்முத் பாட்டில் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து வந்தால் அது பொறுப்பான இடம். பாட்டிலின் கழுத்தில் திறந்த தேதி ஒட்டியிருந்தால் அந்த இடத்தை முழுமையாக நம்பலாம். தேதி இல்லாவிட்டால், “இது எப்போது திறந்தது?” என்று மரியாதையாகக் கேளுங்கள், தம் தொழிலை நேசிக்கும் எவரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

வகையைத் தேர்ந்தெடுக்க இனிப்பின் அளவே முதல் வழிகாட்டி. ஐரோப்பிய விதிப்படி டிரை எனப்படும் இனிப்புக் குறைந்த வெர்முத்தில் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறைவாகவும், இனிப்பு வெர்முத்தில் 130 கிராம் அல்லது அதற்கு மேலும் சர்க்கரை இருக்கும். முதன்முறை அருந்துபவர் சிவப்பு இனிப்பு வகையைப் பனிக்கட்டியும் ஒரு துண்டு ஆரஞ்சும் சேர்த்துக் கேட்கலாம். இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது அதில்தான் தெளிவாகப் புலப்படும். வெர்முத்துக்குப் பெயர்பெற்ற ரெயுஸ் நகரம் அமைந்த ஸ்பெயினில், மதிய உணவுக்கு முன் ஆலிவ் காயுடனும் சற்று சோடாவுடனும் அருந்துவது நெடுநாள் மரபு. பனிக்கட்டி உருகுவதற்கு முன் முதல் மடக்கையும், பாதி உருகிய பின் இன்னொரு மடக்கையும் கவனித்து அருந்துங்கள். நீர் சேரச் சேரக் கசப்பு பின்வாங்கி மசாலா மணம் முன்னே வரும்.

அடுத்து ஒயினுக்குச் செல்லும்போது திராட்சையின் பெயரோ ஊரின் பெயரோ தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. புளிப்பு பிடிக்குமா, நாக்கை இறுக்கும் துவர்ப்பு பிடிக்குமா, கனமாக வேண்டுமா, மெல்லியதாக வேண்டுமா என்பதைச் சொன்னால் போதும். முன்பு பிடித்துப்போன ஒன்றின் பெயரும், பிடிக்காத ஒன்றின் பெயரும் சேர்த்துச் சொன்னால் ஊற்றித் தருபவருக்கு அதைவிட நல்ல துப்பு கிடைக்காது. கோப்பைக் கணக்கில் விற்கும் ஒயினை முழுதாக வாங்கும் முன் ஒரு சிறு மடக்கு சுவைத்துப் பார்க்கலாமா என்று கேட்பது பல இடங்களில் இயல்பானது. ஆனால் பட்டியலிலுள்ள எல்லாவற்றுக்கும் அப்படிக் கேட்பது நியாயமாகாது. இனிப்பில்லாததிலிருந்து இனிப்புள்ளதற்கும், மெல்லியதிலிருந்து கனமானதற்கும் நகர்வதே நாக்குக்கு நல்லது. இனிப்பு வெர்முத்துடன் தொடங்கியிருந்தால், இடையில் தண்ணீரும் உப்பிட்ட கொட்டைகளும் எடுத்துக்கொண்டு சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்.

கோப்பையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால், அது கார்க்கில் உருவாகும் டிசிஏ என்ற சேர்மத்தின் விளைவாக இருக்கலாம். உடலுக்குத் தீங்கில்லை என்றாலும் ஒயினின் பழ மணத்தை அது அடியோடு மூடிவிடும். தயங்காமல் சொல்லுங்கள், அந்தப் பாட்டிலை மாற்றித் தருவதே முறை. சுவை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் திருப்பித் தருவதற்குக் காரணமாகாது. வடிகட்டாத ஒயின்கள் கலங்கலாகத் தெரிவதும், வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்துச் செய்யும் ஆரஞ்சு ஒயின் சற்றே துவர்ப்பதும் குறைகள் ஆகா.

அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும். 13 விழுக்காடு மதுச்சாரமுள்ள ஒயின் 150 மில்லிலிட்டர் அருந்தினால் ஏறத்தாழ 15 கிராம் மதுச்சாரம் உடலில் சேர்கிறது. 16 விழுக்காடுள்ள வெர்முத்தில் 75 மில்லிலிட்டரே ஒன்பது கிராமைத் தாண்டும். ஒரு வெர்முத்தும் ஒரு ஒயினும் ஒரு மாலைக்குப் போதுமானவை என்பது என் கருத்து. அதற்குமேல் நாக்கும் கூர்மை இழக்கிறது. காப்பி குடித்தாலும் உடல் மதுவை வேகமாக வெளியேற்றாது என்பதால், வண்டி ஓட்டி வராமல் நடந்தோ வாடகை வண்டியிலோ செல்லும்படி முன்கூட்டியே திட்டமிடுங்கள். கர்ப்பிணிகளும், மதுவோடு சேரக்கூடாத மருந்து உட்கொள்பவர்களும் மதுவை முற்றாகத் தவிர்க்க வேண்டும். மதுச்சாரமில்லாத கசப்புப் பானம் இருக்கிறதா என்று கேட்டால் பல இடங்களில் தருவார்கள்.

காலிக் கோப்பையோடு நெடுநேரம் இருக்கையைப் பிடித்துக்கொள்வது சிறிய இடத்திற்குப் பெரிய சுமை. பிறர் காத்திருப்பது தெரிந்தால் கணக்கை முடித்து எழுந்துவிடுங்கள். பிடித்துப்போன பாட்டிலின் பெயரை எழுதித் தரச் சொல்லியோ, அனுமதி கேட்டு அதன் முகப்பைப் படமெடுத்தோ வைத்துக்கொண்டால் அடுத்த முறை பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம். பாட்டிலாகவும் விற்கும் இடமென்றால் வெர்முத்தை வீட்டுக்கும் வாங்கிச் செல்லலாம். ஒருவர் மட்டும் அருந்தும் வீட்டுக்கு, கிடைக்குமானால், 375 மில்லிலிட்டர் பாட்டிலே ஏற்றது. திறந்த அன்றே முகப்பில் தேதி எழுதி, இறுக மூடி, குளிர்பதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.