பழைய ஏர் கன்னுக்கு எந்தப் புத்தகம்? தேடல், வாங்கல், பரிந்துரை

"பழைய ஏர் ரைஃபிள்களைப் பற்றி ஒரே ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள்" என்று கேட்பவர்கள் அதிகம். அப்படி ஒரு புத்தகம் கிடையாது. யார் செய்தது, எந்த மாடல், எந்த ஆண்டு, உள்ளே எப்படி இயங்குகிறது, என்ன விலை போகும் என்ற ஐந்து கேள்விகளுக்கும் வெவ்வேறு வகைப் புத்தகங்கள் பதில் சொல்கின்றன. கேள்வி எது என்று முடிவு செய்யாமல் வாங்கினால், அலமாரி நிறையும்; துப்பாக்கி மட்டும் அடையாளம் தெரியாமலே இருக்கும்.

முதலில் துப்பாக்கியைப் படியுங்கள்

குழலில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் இழுத்து வைக்கப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். குழல், உருளை, டிரிகர் பகுதி, கட்டையின் அடிப்பக்கம் என எங்கெல்லாம் பொறிப்பு இருக்கிறதோ அதை எழுத்து விடாமல், புள்ளி விடாமல் தாளில் எழுதுங்கள். தேய்ந்த பொறிப்பின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் எழுத்து தெரியும். சுண்ணக்கட்டியைப் பூசித் துடைத்தாலும் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எடுப்பாகத் தெரியும். உப்புத்தாள் போடவே கூடாது. துருவோடு சேர்ந்து பொறிப்பும் போய்விடும்.

மொத்த நீளம், குழலின் நீளம் இரண்டையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். கேலிபர் (குழல் துளையின் விட்டம்) 4.5 மி.மீ.யா, 5.5 மி.மீ.யா என்று பாருங்கள். பிரிட்டிஷ் நூல்களில் இவை அங்குலக் கணக்கில் .177, .22 என்று இருக்கும். பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்) என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பழைய துப்பாக்கிகளில் .25 கூட உண்டு.

சில குறிகள் புத்தகமே இல்லாமல் காலத்தைச் சொல்லிவிடும். டி.ஆர்.பி. (பேடன்ட், அதாவது காப்புரிமை), டி.ஆர்.ஜி.எம். (பயன்பாட்டு வடிவப் பதிவு) என்று இருந்தால் அவை ஜெர்மன் ரைஷ் காலத்துப் பதிவுகள். வடிவமைப்பு 1945-க்கு முந்தையது. ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து இருந்தால் 7.5 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்று ஜெர்மன் சட்டப்படி இட்ட முத்திரை. துப்பாக்கி 1970-க்கு முந்தையதாக இருக்காது. அமெரிக்காவின் டெய்சி கம்பெனி துப்பாக்கிகளில் ஊர்ப்பெயரைப் பாருங்கள். கம்பெனி 1958-ல் மிச்சிகனின் பிளிமத்திலிருந்து ஆர்கன்சாவின் ராஜர்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பிளிமத் என்று இருந்தால் அதற்கு முந்தைய காலம், ராஜர்ஸ் என்று இருந்தால் பிந்தைய காலம்.

பேடன்ட் எண்: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

பிரிட்டனில் 1915 வரை பேடன்ட் எண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கின. அதனால் 8761 என்ற எண் மட்டும் கையில் இருந்தால் பயனில்லை. 8761/04 என்று ஆண்டோடு இருந்தால்தான் அது பர்மிங்ஹாமின் துப்பாக்கித் தயாரிப்பாளர் லிங்கன் ஜெஃப்ரீஸின் 1904-ஆம் ஆண்டு பேடன்ட் என்று தெரியும். பி.எஸ்.ஏ. 1905 முதல் செய்த அண்டர்லீவர் (குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் ஸ்பிரிங்கை இழுக்கும்) ரைஃபிள்களுக்கு மூலம் அதுதான். 1916 முதல் எண்கள் 100,001-லிருந்து தொடர்ச்சியாக ஓடுகின்றன. எனவே ஆறு இலக்க எண் என்றால் 1916 அல்லது அதற்குப் பிறகு.

இன்னொன்று, பேடன்ட் ஆண்டு துப்பாக்கி செய்த ஆண்டு அல்ல. ஒரே எண்ணைப் பல ஆண்டுகள் பொறித்துக்கொண்டே இருப்பார்கள். 'இதற்கு முன் இல்லை' என்ற எல்லையை மட்டும்தான் பேடன்ட் தரும். புத்தகத்தில் ஒரு மாடலுக்கு ஆண்டு போட்டிருந்தால், அது பேடன்ட் ஆண்டா, கேட்டலாகில் முதலில் வந்த ஆண்டா, சீரியல் நம்பரிலிருந்து கணித்ததா என்று பாருங்கள். அதைச் சொல்லும் நூலாசிரியரை நம்பலாம்.

எந்த நூல் எதற்கு

1900-க்கு முந்தைய காற்றுத் துப்பாக்கிகள், அதாவது காற்றுக் குடுவை வைத்த பம்ப் வகை, துருத்தி வகை எல்லாவற்றுக்கும் ஆர்னே ஹாஃப் 1972-ல் வெளியிட்ட 'ஏர்கன்ஸ் அண்ட் அதர் நியூமாட்டிக் ஆர்ம்ஸ்' நல்ல வாசல். எல்டன் வுல்ஃப் எழுதி மில்வாக்கி பொது அருங்காட்சியகம் 1958-ல் வெளியிட்ட 'ஏர் கன்ஸ்' அதற்குத் துணை. உங்களிடம் இருப்பது 1930-க்குப் பிந்தைய ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் இந்த இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

டபிள்யூ.எச்.பி. ஸ்மித்தின் 'கேஸ், ஏர் அண்ட் ஸ்பிரிங் கன்ஸ் ஆஃப் த வேர்ல்டு' 1957-ல் வந்தது. உலகம் முழுவதையும் அள்ளப் பார்க்கும் பெரிய நூல். அன்றைக்குக் கடையில் என்ன கிடைத்தது என்று அறிய இன்றும் பயன்படும். பின்னால் வந்த மறு அச்சில் புதிய செய்தி இருக்கும் என்று எதிர்பார்த்துக் கூடுதல் விலை தரவேண்டாம்.

அடையாளம் காண, டென்னிஸ் ஹில்லரின் 'கலெக்டர்ஸ் கைடு' இரண்டும் (ரைஃபிளுக்கு ஒன்று, பிஸ்டலுக்கு ஒன்று) பிரிட்டன், ஜெர்மனி துப்பாக்கிகளுக்கு நன்றாக உதவும். இவை திருத்தி விரிவாக்கிய பதிப்புகள் கண்டவை. பிந்தைய பதிப்பையே தேடுங்கள்.

ஒரு கம்பெனியைச் சேகரிப்பவருக்கு அந்தக் கம்பெனியின் வரலாறுதான் முதல் செலவாக இருக்கவேண்டும். பி.எஸ்.ஏ.வுக்கு ஜான் நிப்ஸ் 1986-ல் எழுதிய 'பி.எஸ்.ஏ. அண்ட் லிங்கன் ஜெஃப்ரீஸ் ஏர் ரைஃபிள்ஸ்'. பிரிட்டிஷ் கம்பெனி வெப்லியின் 1924-ல் தொடங்கும் ஏர் பிஸ்டல் வரிசைக்கு கார்டன் புரூஸின் 2001 நூல். டெய்சிக்கு காஸ் ஹஃப் எழுதிய 'இட்ஸ் எ டெய்சி!' (1976) கம்பெனியின் தலைவராகவே இருந்தவரின் கணக்கு. சம்பவங்கள் நிறைய இருக்கும், மாடல் வேறுபாடுகளை அதில் தேடாதீர்கள். அதற்கு டுனாதனின் 'த அமெரிக்கன் பி.பி. கன்' (1971).

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள கார்டியூவின் 'த ஏர்கன் ஃப்ரம் டிரிகர் டு மஸில்' (1976). சேகரிப்பு நூல் அல்ல, சோதனை நூல். எதையும் எரியவிடாத நைட்ரஜனில் துப்பாக்கியை வைத்துச் சுட்டபோது பெல்லட்டின் வேகம் கணிசமாகக் குறைந்தது. ஸ்பிரிங் துப்பாக்கியில் எண்ணெய் எரிவதும் வேகத்துக்குப் பங்களிக்கிறது என்று இதனால் காட்டினார்கள். பழைய பிஸ்டனுக்குக் கண்டபடி எண்ணெய் விடுபவர்கள் அந்த அத்தியாயத்தை அவசியம் படிக்கவேண்டும். 1995-ல் வந்த 'டிரிகர் டு டார்கெட்' அதன் தொடர்ச்சி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பிந்தையது.

விலைக்கு அமெரிக்காவின் 'புளூ புக் ஆஃப் ஏர்கன்ஸ்'. முதல் பதிப்பு 2001. நிலையைச் சதவீதத்தில் பிரித்து டாலரில் விலை போடுவார்கள். அந்த எண்களை ரூபாய்க்கு மாற்றி இங்கே பேரம் பேசுவது தவறு, சந்தையே வேறு. ஆனால் மாடல் விவரங்களுக்காகப் பழைய பதிப்பு ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். காலாவதியாவது விலைப் பத்திதான், விவரம் பெரும்பாலும் நிற்கும்.

ஒரே துப்பாக்கி, நாலு பெயர்

நூலை எடைபோட நல்ல சோதனை டயானா 27. ஜெர்மனியின் ரஸ்தாட் நகரில் மேயர் அண்ட் கிராமல்ஸ்பாக்கர் கம்பெனி 'டயானா' என்ற வணிகப் பெயரில் செய்த பிரேக் பேரல் (குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும்) ரைஃபிள் இது. அமெரிக்காவில் ஹை-ஸ்கோர் 807 என்றும் வின்செஸ்டர் 427 என்றும் விற்றது. பிரிட்டனில் 'ஒரிஜினல்' என்ற பெயரில் வந்தது. காரணம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் டயானாவின் இயந்திரங்களும் வணிகப் பெயரும் போர் இழப்பீடாக பிரிட்டனுக்குப் போயின. ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ கம்பெனி அதே பெயரில் துப்பாக்கி செய்தது. எனவே 'டயானா' என்று பொறித்த துப்பாக்கி ஜெர்மனியதாகவும் இருக்கலாம், ஸ்காட்லாந்தினதாகவும் இருக்கலாம். செய்த நாட்டின் பெயரைப் பாராமல் உதிரிபாகம் வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

வாங்கப்போகும் நூலின் பெயரடைவில் மில்ப்ரோ, ஹை-ஸ்கோர், வின்செஸ்டர் என்று தேடிப் பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆசிரியர் வழிகாட்டியிருந்தால் அந்த நூல் உழைத்து எழுதியது. 'டயானா, ஜெர்மனி' என்று ஒரே வரியோடு முடித்திருந்தால் விட்டுவிடலாம். போருக்குப் பிந்தைய ரஸ்தாட் தயாரிப்புகளில் உருளையின் பின்பகுதியில் கட்டையை ஒட்டி மாதமும் ஆண்டும் சிறிய எண்களில் இருக்கும். இதைச் சொல்கிறதா என்றும் பாருங்கள். அந்த நாலு இலக்கம் தெரிந்தால் ஆண்டுக்காகப் பக்கம் புரட்டவே வேண்டாம்.

பழைய பிரதி வாங்கும்போது

1960-களின் இறுதிக்கு முந்தைய நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். இருக்காது. ஆசிரியர் பெயர், தலைப்பில் இரண்டு சொல், பதிப்பகம், ஆண்டு என்று தேடுங்கள். தலைப்பில் 'ஏர்கன்' சேர்த்தும், 'ஏர் கன்' பிரித்தும், நடுவில் கோடு போட்டும் மூன்று விதமாகத் தேடவேண்டும். ஒரு விதத்தில் அகப்படாதது இன்னொன்றில் அகப்படும்.

விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பதிப்புரிமைப் பக்கம், பொருளடக்கம், பைண்டிங்கின் முதுகு. 'முதல் பதிப்பு' என்று விளம்பரத்தில் எழுதுவது சுலபம். பதிப்புரிமைப் பக்கத்தில் மறு அச்சு என்று இருக்கும். தனியே அச்சிட்ட படத்தாள்கள் உள்ள நூலில் அவை எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணச் சொல்லுங்கள். சட்டம்போட்டு மாட்ட அவற்றைக் கிழித்தெடுப்பது பழைய வழக்கம். நூலகம் கழித்த பிரதியில் முத்திரை இருக்கும், விலை குறையும். படிக்க வாங்குபவருக்கு அதில் நஷ்டமே இல்லை. ஆசிரியர் தானே வெளியிட்ட நூல்களில் ஜெராக்ஸ் பிரதிகள் உலவும். அவற்றில் படங்கள் கறுப்பாகப் படிந்து, எந்தத் திருகு எங்கே என்று தெரியாது. டயானா 27 போல டிரிகரில் சிறு எஃகு உருண்டைகள் வைத்த அமைப்பைக் கழற்றப்போகிறவருக்கு அந்தப் பிரதி உதவாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், பெரிய நூலுக்குத் தபால் செலவு நூலின் விலையைத் தாண்டுவதும் உண்டு. எடையை முன்னதாகக் கேளுங்கள். வாங்குவதற்கு முன் இன்டர்நெட் ஆர்க்கைவில் இரவலாகப் படிக்கக் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

வந்த நூலில் பிழை கண்டால் மென்மையான பென்சிலில் ஓரத்தில் குறியுங்கள், ஆதாரத்தோடு. பசைச் சீட்டு ஒட்டாதீர்கள். பசை தாளில் மஞ்சளாகத் தங்கிவிடும். கடலோர ஊர்களில் சுவரை ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

மற்றவருக்குப் பரிந்துரைக்கும்போது

கேட்டவரிடம் முதலில் பொறிப்பின் படத்தைக் கேளுங்கள். 'பழைய ஜெர்மன் துப்பாக்கி' என்று சொல்பவரிடம் மில்ப்ரோ இருக்கலாம். பிறகு ஒரே ஒரு நூல் சொல்லுங்கள். ஆசிரியர், முழுத் தலைப்பு, ஆண்டு, பதிப்பு நான்கும் இருக்கட்டும். எந்தக் கேள்விக்கு அந்த நூல், எதற்கு அது உதவாது என்று இரண்டு வரி சேருங்கள். தகவலை மேற்கோள் காட்டினால் பக்க எண்ணையும் பதிப்பையும் சேர்த்துத் தாருங்கள். பதிப்பு மாறினால் பக்கமும் மாறும்.

நூலின் ஆண்டை அழுத்திச் சொல்லவேண்டிய காரணம் ஒன்று உண்டு. 1804–06-ல் ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் அமெரிக்காவின் மேற்கே கொண்டுபோன காற்றுத் துப்பாக்கி பிலடெல்பியாவின் ஐசையா லூகன்ஸ் செய்தது என்ற கருத்து 1970-களில் வலுவாக இருந்தது. 2000-களில் ராபர்ட் பீமேன் முன்வைத்த ஆய்வு, அது ஆஸ்திரியப் படை பயன்படுத்திய ஜிரார்டோனி வகைத் தொடர்சுடு துப்பாக்கி என்றது. 1970-களின் நூலைப் படித்தவரும் 2010-ன் நூலைப் படித்தவரும் இதில் மோதிக்கொள்வார்கள். இருவரிடமும் எந்த ஆண்டுப் புத்தகம் என்று கேட்டால் பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அச்சில் இல்லாத, கொள்ளை விலைக்குப் போகும் நூலைத் தொடக்கநிலையில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள். அவருக்கு இப்போது தேவை ஒரு மாடலின் ஒரு பக்கம்தான் என்றால், உங்கள் பிரதியிலிருந்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பதிலைச் சொல்லிவிடுங்கள். அவர் மூன்றாவது துப்பாக்கி வாங்கும்போது நூலின் பெயரைச் சொல்லலாம்.