வொயாஜர் துடுப்பு: செதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஆறுகளில் அந்தக் காலத்தில் விலங்குகளின் மென்மயிர்த் தோல் வணிகத்துக்காகப் படகோட்டிய வொயாஜர்கள் போன மாதிரியே கனூ (ஒடுங்கிய நீளப் படகு) பயணம் போகும் பலர், துடுப்பையும் தாங்களே செதுக்கிக்கொள்கிறார்கள். அருமையான பழக்கம். ஆனால் துடுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் கத்தி படுவதற்கு முன்பே, பலகை வாங்கும் இடத்திலேதான்.

அலையலையாக ரேகை ஓடும் பலகையைப் பார்த்தால் கை அதற்குத்தான் போகும். அதை வாங்காதீர்கள். மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் நேராக ஓடும் நார்தான் துடுப்பின் உயிர். நான் ஆஷ் மரத்தில் செதுக்கிய முதல் துடுப்பில், தண்டும் அலகும் (தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) சேரும் கழுத்தில் நார் சாய்ந்து வெளியே ஓடியிருந்தது. இரண்டாம் நாளே ஒரு பாறையில் ஊன்றித் தள்ளினேன். அந்தச் சாய்வின் வழியாகவே பிளந்துவிட்டது. இப்போதெல்லாம் அதே பலகையின் ஓரத்துண்டு ஒன்றைக் கோடாலியால் பிளந்து பார்க்கிறேன். பிளவு நேராக இறங்கினால் எடுப்பேன், பக்கவாட்டில் ஒதுங்கினால் வேண்டாம். ஆஷ், மேப்பிள், செர்ரி எதுவானாலும் இந்தச் சோதனை ஒன்றுதான்.

அடுத்தது அகலம். இன்றைய கடைத் துடுப்பை அளவெடுத்து 20 செ.மீ. அலகு வைத்துவிடுகிறார்கள். மாண்ட்ரியலுக்கு அருகே லஷீனிலிருந்து சுப்பீரியர் ஏரிக்குப் போன 11 மீட்டர் கனூக்களில், நடுவில் உட்கார்ந்தவர்களின் துடுப்பு குட்டையானது, அலகும் ஒடுங்கியது. முன்னால் நின்று வழி பார்ப்பவருக்கும் பின்னால் திருப்புபவருக்கும் மட்டும் நீளத் துடுப்பு. நடுவில் இருப்பவர்களின் துடுப்பு ஒடுங்கியதற்குக் காரணம் வேகம். நிமிடத்துக்கு 50 வீச்சு என்றால் மணிக்கு 3,000. துடுப்பில் 100 கிராம் கூடினால், ஒரு மணி நேரத்தில் 300 கிலோ கூடுதலாகத் தூக்கியதாகக் கணக்கு. தோள்பட்டை அதைச் சொல்லிவிடும். 10 முதல் 12 செ.மீ. அலகு போதும்.

கண்ணளவில் மெலிய வைப்பதும் தவறு. விளிம்பைச் சுற்றி நடுக்கோடு ஒன்று, அதன் இருபுறமும் 3 மி.மீ. தள்ளி ஒவ்வொரு கோடு போட்டுவிட்டு, அதுவரை மட்டும் இழையுங்கள். கோடில்லாமல் இழைத்தால் ஒருபக்கம் தடித்துப்போகும். அப்படிப்பட்ட அலகு தண்ணீரில் படபடக்கும். கழுத்தை மட்டும் கடைசிவரை தடிப்பாக விட்டு வையுங்கள். அங்கே வளைவின் இரண்டு பக்கமிருந்தும் பள்ளத்தை நோக்கித்தான் கத்தி இறங்க வேண்டும். எதிர்நாரில் ஏற்றினால் சிராய் பெயர்ந்து வரும்.

தண்டை உருட்டி வட்டமாக்காதீர்கள். லேசான நீள்வட்டமாக இருந்தால், அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரியும். உப்புத்தாள் போட்டபின் ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரை மறுபடி தேயுங்கள்.

கைப்பிடிக்கு வார்னிஷ் வேண்டாம், கொப்புளம் போடும். ஆளிவிதை எண்ணெய் போதும். ஆனால் அந்த எண்ணெய் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.