பார்ட் டைமுக்கு மாறுகிறவர்களுக்கு: பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு வீட்டுக் கணக்கு

முழு நேர வேலையை விட்டுப் பார்ட் டைமுக்குப் போக நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "சம்பளம் எவ்வளவு குறையும்?" என்றுதான். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்தால் தலை சுற்றும், மாறவே தோன்றாது. வேலைக்குப் போவதற்காகவே செலவாகும் காசை முதலில் எழுதிக் கழித்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

என் கணக்கையே வைக்கிறேன். ஊர் மலேசியாவில், சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா. 2007-ல் பெயரை மாற்றினார்கள், வாயில் வருவது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தேன். ஓட்டி (கூடுதல் நேரக் காசு) எல்லாம் சேர்த்துக் கைக்கு மாதம் 2,300 வெள்ளி (ரிங்கிட்) வரும். அத்தைக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த அக்காவுக்கு 600. ஷிப்ட் நாளில் தாப்பாவ் (பொட்டலம்) சாப்பாடு, அலுப்பில் வீட்டுக்கு வாங்கி வந்த ரொட்டி சானாய், மீ கோரேங் எல்லாம் சேர்த்து 310. டீ காசு, மோட்டார் பெட்ரோல், கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்துக்கு மொய் என்று 90. ஆக 2,300-ல் வீட்டுக்கு உண்மையில் நின்றது 1,300.

இப்போது டவுனில் ஒரு மினி மார்க்கெட் கல்லாவில் காலை 8 முதல் 1 மணி வரை, வாரம் ஐந்து நாள். மணிக்கு 9 வெள்ளி. மாதச் சராசரி 975, பிடித்தம் போகக் கைக்கு 860 சொச்சம். பெட்ரோலுக்கு 15 வெள்ளி. அப்படியென்றால் நான் சமாளிக்க வேண்டிய பள்ளம் 1,440 இல்லை, 450-தான். இந்த இரண்டாவது எண்ணைக் கண்டுபிடித்த பிறகு வீட்டுக்காரரிடம் பேசுங்கள். முதல் எண்ணோடு போனால் பேச்சு சண்டையில்தான் முடியும்.

அடுத்தது, வேலையைப் பேசி எடுக்கும் விதம். கல்லாவுக்குப் புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி என்னிடம், "அக்கா, பார்ட் டைமுக்கு இபிஎஃப் கிடையாதாமே?" என்றாள். இபிஎஃப் என்றால் ஊழியர் சேமநிதி. முந்தி வேலை செய்த இடத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. பார்ட் டைம் வேறு, நாள் கூலி வேறு. 2010-லேயே பகுதி நேர ஊழியர்களுக்கென்று தனி விதிமுறை வந்துவிட்டது. அதே மாதிரி வேலையை முழு நேரமாகச் செய்கிறவரின் மணிக்கணக்கில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மிகாமல் வேலை செய்தால் நீங்கள் பகுதி நேர ஊழியர். முழு நேரம் வாரம் 45 மணி என்று வைத்தால், பதின்மூன்றரை மணிக்கு மேல் முப்பத்தொன்றரை மணி வரை. அந்த வரம்புக்குள் இருக்கிறவருக்கு ஆண்டில் 7 பொது விடுமுறை சம்பளத்தோடு உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆண்டு விடுப்பு 6 நாள், எம்சி (மருத்துவ விடுப்பு) 10 நாள். பேசிய மணிக்கு மேல் நிற்கச் சொன்னால் அதற்கும் காசு. முழு நேரக்காரரின் மணியையும் தாண்டினால் ஒன்றரை மடங்கு.

இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) இரண்டும் உண்டு. இபிஎஃப்-க்கு நம்மிடம் பிடிப்பது 11 விழுக்காடு. 5,000 வெள்ளிக்குள் சம்பளம் என்றால் முதலாளி போட வேண்டியது 13. என் 975-க்கு இரண்டு பக்கமும் சேர்த்து மாதம் 230 வெள்ளிக்கு மேல் போய் விழுகிறது. "பிடிக்காமல் முழுசாகக் கையில் கொடுத்துவிடுகிறேன், நல்லதுதானே?" என்று இனிப்பாகப் பேசுகிறவர் தன்னுடைய 13-ஐ மிச்சம் பிடிக்கிறார், அவ்வளவுதான். கைப்பேசியில் கேடபிள்யூஎஸ்பி (இபிஎஃப்-இன் மலாய்ப் பெயர்) ஐ-அக்கவுனைத் திறந்து மாதா மாதம் பார்த்துவிடுங்கள். மணிக்கூலியில் தரைமட்டம் 8 வெள்ளி 17 சென். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனபோது வந்த கணக்கு அது. அதற்குக் கீழே யாராவது பேசினால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

தவுக்கேயிடம் (முதலாளியிடம்) நான் எழுதி வாங்கியது ஒரு பக்கம்தான்: எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மணிக்கு எவ்வளவு, சம்பளம் எந்தத் தேதி. இதில் நேரம்தான் முக்கியம். "ஆள் தேவைப்படும்போது கூப்பிடுகிறேன்" என்ற வேலையை எடுத்தால் வீட்டில் எதையும் திட்டம் போட முடியாது. மணிக்கு ஒரு வெள்ளி குறைந்தாலும் நிலையான நேரம் கிடைக்கிற இடத்தையே எடுப்பேன்.

இனி 450 வெள்ளிப் பள்ளம். ஒரு 555 புத்தகம் வாங்குங்கள், மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம். தோட்டத்தில் அது கடைக்காரர் கையில் இருந்தது. இப்போது உங்கள் கையில் இருக்கட்டும். முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். "சில்லறைச் செலவு" என்று மொத்தமாக எழுதாதீர்கள். "மைலோ ஐஸ், பள்ளி வாசல், 3 வெள்ளி" என்று எழுதினால்தான் கண்ணில் குத்தும்.

எங்கள் வீட்டில் குத்தியது மீனும் கோழியும்தான். சமைக்க நேரம் இல்லாதபோது வெட்டிச் சுத்தம் செய்த பாக்கெட்டாக வாங்கிப் பழகியிருந்தோம். இப்போது மத்தியானம் கையில் இருக்கிறது. கெம்போங் மீன் மலிந்து கிடக்கும் நாளில் இரண்டு கிலோவாக வாங்குகிறேன். செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி, உள்ளே முதுகெலும்பை ஒட்டிக் கறுப்பாக இருக்கும் ரத்தத்தைக் கட்டை விரலால் வழித்து எடுத்துவிட வேண்டும். அதை விட்டால் பெட்டியில் எத்தனை நாள் வைத்தாலும் கவிச்சிதான். கல்லுப்பும் புளித்தண்ணியும் போட்டு ஒரு அலசு. பாதிக்கு மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவி, ஒரு வேளைக்கு எத்தனை துண்டோ அத்தனையாகப் பிரித்துப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் உறைய வைக்கிறேன். மீதியைக் குழம்புக்குத் தடவாமல் அப்படியே. டப்பா மூடியில் தேதி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழையது இருக்கப் பையன் புது டப்பாவை எடுத்துவிடுவான். கோழியும் முழுசாகத்தான். கறித்துண்டு ஒரு நாள் பிரட்டல். முதுகு, கழுத்து, எலும்பு எல்லாம் மிளகு போட்டு ரசமாக அத்தைக்கு. வாய் கோணிப்போன ஆளுக்கு அதுதான் இறங்குகிறது.

கீரை வாங்குவதை நிறுத்திவிட்டேன். வீட்டுப் பின்னால் முருங்கையும் சாயூர் மானிஸும் நிற்கின்றன, காங்கோங் தானாக வருகிறது. தக்காளி, கேரட்டுக்கு மட்டும் பாசார் மாலாம் (இரவுச் சந்தை), அதுவும் கூடாரம் கழற்றுகிற நேரத்தில். மூன்று குவியல் ஐந்து வெள்ளி என்று கூவுவார்கள். நசுங்கினது ஒன்றிரண்டு இருக்கும், சாம்பாருக்கு என்ன வந்தது?

கட்டுப்பாட்டு விலைச் சாமான்களைத் தெரிந்து வைத்திருங்கள்: உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி, பாக்கெட் எண்ணெய் ஒரு கிலோ 2.50, சீனி 2.85, 14 கிலோ கேஸ் தோங் 26.60 (வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் கூலி தனி). கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறேனே, மைகார்டில் (அடையாள அட்டையில்) வரும் சாரா பணத்தை, அதாவது அடிப்படைச் சாமான் வாங்க அரசு போடும் உதவியைப் பலர் பிஸ்கட்டிலும் மேகியிலும் முடித்துவிடுகிறார்கள். அரிசி, முட்டை, எண்ணெய், மாவு, மருந்து, சவர்க்காரம், பள்ளிச் சாமான் எல்லாம் அதில் எடுக்கலாம். எப்படியும் வாங்கியே ஆக வேண்டியதை அதில் எடுத்தால் கைக்காசு மிஞ்சும். சம்பளம் குறைந்ததும் எஸ்டிஆர் (அரசு ரொக்க உதவி) பதிவில் குடும்ப வருமானத்தைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். சிலாங்கூரில் இருந்தால், தகுதியுள்ள வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசம், மனுப் போட வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் சின்னவளுக்கு ஆர்எம்தி (பள்ளியில் இலவச உணவுத் திட்டம்) சாப்பாடு கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். கேட்பதில் என்ன வெட்கம்?

கரண்டில் பெரிசாக ஒன்றும் இல்லை. 600 கிலோவாட் மணிக்குள் இருந்தால் பில்லில் 10 வெள்ளி சில்லறை விற்பனைக் கட்டணம் (ரீடெய்ல் சார்ஜ்) போடுவதில்லை. ஏர்கோன் ஒரே அறையில், ராத்திரியில் மட்டும்.

எங்களைப் போல லோரி, தோட்டம், மில் சம்பளத்தை நம்பி இருக்கிற வீட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், ட்ரிப் கணக்கில் சம்பளம். குலை செப்டம்பர், அக்டோபரில் குவியும், ஆண்டுத் தொடக்கத்தில் சுருங்கிவிடும். பொங்கல், தைப்பூசம், பள்ளித் திறப்பு எல்லாம் அந்தச் சுருங்குகிற மாதங்களில்தான் வந்து நிற்கின்றன. என் சம்பளம் பெரிதாக இருந்தவரை அந்த ஓட்டையை அது மூடிக்கொண்டிருந்தது. இப்போது குலை காலத்தில் வரும் கூடுதல் ட்ரிப் காசை வீட்டுச் செலவுக்குத் தொடுவதில்லை. தனி வங்கிக் கணக்கு, அட்டை என்னிடம் கிடையாது, அவரிடமும் கிடையாது, பீரோவில் இருக்கிறது.

கூட்டு (சீட்டு) பிடித்துச் சேர்க்கலாமே என்பார்கள். 1971-லிருந்தே அது சட்டத்தில் தடை. பணத்தோடு ஆள் மறைந்தால் போலீசில் போய் என்ன சொல்வீர்கள்? வீட்டுக் கடன், மோட்டார் கடன் தவணை கழுத்தை நெரித்தால், ஒரு தவணை தவறுவதற்கு முன்பே வங்கியோடு பேசுங்கள், அல்லது ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போங்கள். 2006-ல் பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. சுவரில் ஒட்டியிருக்கும் "உடனடி கடன்" நம்பருக்கு மட்டும் போன் போடாதீர்கள்.

பணத்தை விடக் கஷ்டமான விஷயம், ஆட்கள். பார்ட் டைம் என்று தெரிந்த மறுவாரமே, "நீ வீட்லதானே இருக்கே" என்று போன் வர ஆரம்பிக்கும். நாத்தனார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், கோயில் மகளிர் பிரிவுக்குச் சமைக்க ஆள் வேண்டும், பக்கத்து வீட்டு அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் சம்பளமும் போய், நேரமும் போய்விடும். நான் சொல்வது ஒரே பதில்: "ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அத்தைக்குக் கைகால் பயிற்சி. அதுக்கு அப்புறம்னா பார்க்கிறேன் அண்ணி." உண்மையும் அதுதான். பிசியோ சொல்லிக் கொடுத்தபடி விரல் விரலாக மடக்கி நீட்ட வேண்டும், அவசரப்படுத்தினால் அத்தை கையை இழுத்துக்கொள்வார்.

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். பாதி நேரம் வேலை என்றதும் முழு வீட்டு வேலையும் நம் தலையில் வந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமைத் துணி அவருடையது, ராத்திரிப் பாத்திரம் படிவம் மூன்று படிக்கும் பையனுடையது என்று முதல் வாரமே பிரித்துவிட்டேன். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். எடுத்துத் திரும்பக் கழுவாதீர்கள், அவன் கையிலேயே கொடுங்கள்.

தீபாவளி நெருங்கினால் கடையில் கூடுதல் மணி நிற்கக் கேட்பார்கள். முறுக்கு, அதிரசம் சுட்டுக் கொடுக்கச் சொல்லி ஆர்டரும் வரும். இரண்டையும் ஒன்றாக ஏற்காதீர்கள். அடுப்படியில் ராத்திரி ஒரு மணி வரை நின்றுவிட்டுக் காலை எட்டுக்குக் கல்லாவில் சில்லறை எண்ணினால் கணக்கு உதைக்கும். கூடுதல் மணிக்குக் காசு நிச்சயம். முறுக்கில் எண்ணெய், மாவு, கேஸ் கழித்த பிறகுதான் லாபம் தெரியும், அதிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், காசு கேட்கவே வாய் வராது. நான் கடை மணியையே எடுக்கிறேன். முறுக்கு ஆர்டர் வந்தால், தாமான் பின்வரிசையில் சுடுகிற அக்காவின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.