சூலு போர்க்களங்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் மூன்று போர்களின் களங்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன: 1838-ல் போயர்களும் (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) இந்த மண்ணின் ஆப்பிரிக்க மக்களான சூலுக்களும், 1879-ல் பிரிட்டிஷாரும் சூலுக்களும், 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாரும் போயர்களும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஓடாதீர்கள்.

1. மே முதல் ஆகஸ்ட் வரை போங்கள். மழை குறைவு. டர்பனில் கார் எடுத்து, டண்டீ ஊரில் தங்குங்கள். கடைசித் தூரம் மண்சாலை, நடுவில் மாடுகள் நிற்கும். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

2. முதல் நாள் காலை இசாண்ட்ல்வானா. 1879 ஜனவரி 22 அன்று சுமார் 20,000 சூலு வீரர்கள் இங்கே பிரிட்டிஷ் முகாமை வளைத்து அழித்தார்கள். மலையடியில் வெள்ளையடித்த கற்குவியல்கள் தெரியும். ஒவ்வொன்றும் பலரைச் சேர்த்துப் புதைத்த குழி. முகாமிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வடகிழக்குப் பக்கத்து மேட்டைப் பாருங்கள். சூலு படை அந்தப் பக்கம் இருந்துதான் இறங்கியது. எருமைக் கொம்பு போல இரண்டு பக்கமும் வளைத்து, நடுவில் மார்பாக மோதுவது அவர்கள் முறை. அந்த வெட்டவெளியைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. கல் எதையும் எடுக்காதீர்கள், இது கல்லறை.

3. அன்றே மதியம் ரோர்க்ஸ் டிரிஃப்ட். போர் நடந்த வரிசையும் இதுதான். பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 150 பேர் சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் சுவராக அடுக்கி, சூலு படையோடு விடிய விடியச் சண்டையிட்டார்கள். அந்தச் சுவர் நின்ற இடத்தைத் தரையில் கல்வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள். நடந்து பாருங்கள், எவ்வளவு சின்ன இடம்!

4. இரண்டாம் நாள் ன்கோமே ஆறு. 1838-ல் போயர்களும் சூலுக்களும் மோதிய இடம் இது. ஒரு கரையில் போயர்களின் 64 வெண்கல வண்டிகள், எதிர்க்கரையில் சூலு தரப்பு அருங்காட்சியகம். இரண்டுக்கும் போங்கள். ஒன்றை விட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

5. அப்புறம் லேடிஸ்மித் பக்கம் ஸ்பியோன்கோப். நமக்கு நெருக்கமான இடம் இது. 1900 ஜனவரியில் மூடுபனியில் பிரிட்டிஷார் இந்த மலையைப் பிடித்தார்கள். பனி விலகியபோது சுற்றியிருந்த குன்றுகளிலிருந்து போயர்கள் சுட்டார்கள். பதுங்கிய அகழியே பிரிட்டிஷாருக்குப் புதைகுழியானது. இந்தப் போர்முனையில் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையும் உண்டு. சுமார் 1,100 பேர், அவர்களில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். அந்தக் காலத்தில் நட்டாலுக்கு வந்த கூலிகளில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். சில நாட்களில் டோலியோடு 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறார்கள். மேலே வரை கார் போகும், சரி. ஆனாலும் இறங்கி, துகேலா ஆறு தெரியும் சரிவில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள்.