தும்பைக்கு ஒரு மேடை: பழைய ஜீப்பின் பின்பக்கத்தில் நாய்க்கு இடம் அமைப்பது

பால் வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். நிறம் தரும் செல்கள் உள்காதில் இல்லாமல் போவதால் வரும் குறை அது. எங்கள் தும்பை அப்படிப் பிறந்தவள். ஹார்ன் கேட்காது, பிரேக்குக்கு முன்னால் இன்ஜின் சத்தம் இறங்குவது கேட்காது, நான் "உக்காரு" என்று கத்தினாலும் கேட்காது. வண்டி என்ன செய்யப் போகிறது என்பது அவளுக்குப் பாதத்தின் வழியாகத்தான் தெரியும். அந்தப் பாதத்துக்குக் கீழே வழுக்கும் தகரத்தைக் கொடுத்து இரண்டு வருஷம் கூட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தவறை வேறு யாரும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீடு மன்னார்குடியில், தென்னந்தோப்பு முத்துப்பேட்டைப் பக்கம். வாரத்தில் நாலு நாள் போய்வர வேண்டும். தார்ச்சாலை முடிந்து வாய்க்கால் கரையில் இறங்கினால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை களிமண் சேறு. அதற்காகத்தான் இந்தப் பழைய மஹிந்திரா எம்.எம்.540 வண்டியை விடாமல் வைத்திருக்கிறேன். பின்னால் தும்பையும் கட்டையனும் வருவார்கள். கட்டையன் குட்டைக்கால் நாட்டுநாய், பதினேழு கிலோ. தும்பை இருபத்தெட்டு.

இந்த மாதிரி ஜீப்பில் பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் தகரப் பெட்டி போல எழும்பி நிற்கும். வீல் ஆர்ச் என்பார்கள். அதன் மேல்தான் எதிரெதிர் பார்த்த சீட்டுக் குஷன் இருக்கும். நாய்க்குக் கிடைப்பதோ இரண்டு பெட்டிக்கும் நடுவில் உள்ள பள்ளம். அதிலேயே ஜாக்கி, மண்வெட்டி, கயிறு, தேங்காய் மூட்டை எல்லாம். ஒரு நாள் கரையில் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன். தும்பை சறுக்கி வந்து ஜாக்கியில் மோதி முன்காலைக் கிழித்துக்கொண்டாள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டு வந்த அன்றைக்கே மேடை போடுவது என்று முடிவு செய்தேன்.

யோசனை எளிமையானது. இரண்டு வீல் ஆர்ச்சின் மேல்மட்டத்தையும் ஒரே தளமாக்கிவிடுவது. முப்பத்தாறு அங்குலப் பள்ளம் போய் ஐம்பத்துநாலு அங்குல அகலத் தரை கிடைக்கும். சாமான் எல்லாம் அடியில் போய்விடும்.

முதலில் அளவு. குஷன்களைக் கழற்றி, தரையை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு டேப்பை எடுங்கள். என் வண்டியில் முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவு வரை 44 அங்குலம், ஆர்ச்சின் உயரம் 11½. உங்கள் வண்டிக்கு இது பொருந்தாது. பழைய வண்டிகளில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்குமே அரை அங்குலம் வித்தியாசம் இருக்கும், நாலு மூலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அப்புறம் நாயையும் அளக்க வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிற்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை எவ்வளவு, கால் நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். மேடை வந்த பிறகு தலைக்கு மேல் நாலு விரலாவது இடம் இருக்க வேண்டும். அது கிடைக்காதென்றால் மேடையைத் தாழ்த்துங்கள். நாயைக் குனிய வைக்காதீர்கள்.

ப்ளைவுட்டில் நான் ஏமாந்தேன். முதல் தடவை தண்ணீர் தாங்கும் மரைன் ப்ளை என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கினேன். ஒரே மழைக்காலத்தில் ஓரம் உப்பி, அடை அடையாகப் பிரிந்துவிட்டது. இப்போது பலகையின் முத்திரையில் ஐ.எஸ்.710 இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். ஐ.எஸ்.303 என்றால் அது வேறு தரம், வீட்டு அலமாரிக்குப் போதும், முத்துப்பேட்டை உப்புக்காற்றுக்கும் சேற்றுக்கும் போதாது. 18 மில்லிமீட்டர் கனத்தில் எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்று வாங்கினால் மேடைக்கும் நடுச்சுவருக்கும் சரியாக இருக்கும்.

சட்டத்துக்குப் பூவரசு. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தோப்பைப் புரட்டிப் போட்டபோது கிணற்றடிப் பூவரசும் விழுந்தது. அறுத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்திருந்தேன். ஈரத்துக்கு அசராத மரம், நம் ஊரில் வண்டிக்கும் படகுக்கும் போட்டுப் பழகிய மரம். இரும்புச் சதுரக் குழாயில் செய்தால் சீக்கிரம் முடியும் என்று பட்டறையில் சொன்னார்கள். கடற்கரைப் பக்கம் இரும்பு நாலு வருஷத்தில் துருப்பிடிக்கும், அதோடு தகரத்தில் பட்டுக் கடகடக்கும். தும்பைக்குக் கடகடப்பு காதில் விழாது, காலில் விழும். அதனால் மரம்தான் என்றேன். ஆசாரி அண்ணன் அந்தச் சட்டங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இது நாய்க்குன்னு அரைகுறையா அடிக்க வேண்டாம். மனுசன் படுக்கிற கட்டிலுக்கு எப்படிப் பூட்டுவேனோ அப்படியே பூட்டித் தர்றேன்."

மேடையை ஒரே துண்டாக அடிக்காதீர்கள். முழுப் பலகை பதினெட்டு கிலோ வரும், தனியாளாகத் தூக்கி இறக்க முடியாது. நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் ஒவ்வொன்றும் 27 அங்குல அகலம், ஒன்பது கிலோ. அந்த இணைப்பு சரியாக நடுச்சுவரின் மேல் வர வேண்டும். நடுச்சுவர் என்பது அதே ப்ளையில் 44 அங்குல நீளத்துக்கு, பத்து அங்குல உயரத்தில் நிறுத்திய பலகை. அதன் தலையில் இரண்டு அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரமுள்ள பூவரசுச் சட்டம். ஆக ஆர்ச்சின் உயரமும் நடுச்சுவரின் உயரமும் ஒன்றாகிவிடும். சுவர் சாயாமல் இருக்க முன்னும் பின்னும் குறுக்கே ஒரு அடிக்கட்டை. இப்போது ஒவ்வொரு பலகையும் ஒரு பக்கம் ஆர்ச்சிலும் மறுபக்கம் சுவரிலும் உட்காரும், நடுவில் பதினேழு அங்குலம்தான் அந்தரம். பலகையின் அடியில் அந்தப் பதினேழு அங்குலத்துக்கு மூன்று குறுக்குச் சட்டங்களைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு ஒட்டிவிட்டால், இரண்டு நாயும் சேர்ந்து குதித்தாலும் பலகை துள்ளாது. சட்டத்தின் முனை ஆர்ச்சின் பக்கச்சுவரை ஒட்டி நிற்பதால் மேடை இடம் வலமாக நகரவும் நகராது.

ஒரு பாதியை நிலையாக வைத்துவிட்டு மறுபாதியை நடுச்சட்டத்தில் நீளக் கீலால் பூட்டினோம், தூக்கினால் அடியில் உள்ள சாமானை எடுக்கலாம். தூக்குவதற்கு ஓட்டை போட வேண்டாம். நாய் நகம் ஓட்டையில் மாட்டினால் விரலோடு பிய்ந்துவிடும். ஓரத்தில் ஒரு நைலான் வார் வைத்தால் போதும். பலகைகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வழியில் தேவைப்படும் தண்ணீர்க் கேனும் கிண்ணமும் பின்கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் நாயை எழுப்பிப் பலகையைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது.

ப்ளையில் தண்ணீர் ஏறுவது முகத்தின் வழியாக அல்ல, அறுத்த ஓரத்தின் வழியாகத்தான். அறுத்த ஓரம் எல்லாவற்றையும், ஸ்க்ரூ ஓட்டைகளின் உள்பக்கம் உட்பட, பெயின்ட் ஊற ஊற மூன்று கை அடியுங்கள். பங்குனி, சித்திரையில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் நல்லது. அறுவடை முடிந்து கையும் ஓய்வாக இருக்கும், பெயின்ட்டும் காயும், ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் வண்டியும் தயாராகிவிடும். வாடை முழுக்கப் போகும் வரை, குறைந்தது பத்து நாள், நாயை ஏற்றாதீர்கள். நக்காமல் இருக்க மாட்டார்கள். பூவரசுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும்.

பூட்டுவதற்கு வண்டித் தரையில் புது ஓட்டை போடவே போடாதீர்கள். அடியில் டீசல் டேங்க் இருக்கலாம், பிரேக் குழாய் போகலாம். குஷனைப் பிடித்திருந்த பழைய ஓட்டைகளே போதும். அந்த போல்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே மரையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் நைலான் வளையம் உள்ள லாக் நட்டும் வாங்குங்கள். நாலு போல்ட்டைக் கழற்றினால் மேடை மொத்தமும் இறங்கிவிட வேண்டும். வண்டியின் ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறது, அதை நிரந்தரமாக மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடாது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது மேடையை இறக்கிவிட்டுக் குஷனை மாட்டிக்கொண்டு போகிறேன்.

மரம் தகரத்தைத் தொடும் இடமெல்லாம் பழைய லாரி ட்யூபை வெட்டி ஒட்ட வேண்டும். ஆர்ச்சின் மேல், சட்ட முனையில், அடிக்கட்டையின் கீழே. இதைச் சின்ன வேலை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ட்யூப் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். தும்பை மூலையில் ஒடுங்கி, நாலு காலையும் விறைத்துக்கொண்டு, நகத்தால் பலகையைப் பற்றிக்கொண்டே வந்தாள். ட்யூப் ஒட்டிய மறுநாள் அதே பாதையில் படுத்தாள்.

மேலே என்ன விரிப்பது? முதலில் கார்ப்பெட் ஒட்டியிருந்தேன். ஒரு அடைமழையில் நாற்றம் எடுத்து, அடியில் பூஞ்சை பிடித்துத் தூக்கிப் போட்டேன். இப்போது கிடப்பது மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் ரப்பர் மேட். தீவனக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பசுவின் குளம்பே வழுக்காத சொரசொரப்பு, கழுவி வெயிலில் சாய்த்தால் காய்ந்துவிடும். மேடை அளவுக்குக் கத்தியால் வெட்டி, பின்கதவுப் பக்கம் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புச் சட்டம் வைத்தால் மேட் வெளியே நழுவாது. கறுப்பு ரப்பர் வெயிலில் கொதிக்கும் என்பது ஒன்றுதான் குறை. அதற்கு நெல் மூட்டைச் சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து மேலே விரிக்கிறேன். நாய்க்கு உடம்பு வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூடு ஆற்ற வேண்டும். ஓடுகிற வண்டியில் காற்றோடு ஈரச்சாக்கு நன்றாக வேலை செய்யும். நிறுத்திய வண்டியில் எந்தச் சாக்கும் காப்பாற்றாது, நான் இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள்.

கட்டுவது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். பக்கம் திறந்த ஜீப்பில் நீளக் கயிற்றோடு வெளியே தாவிய நாய் தொங்கிச் செத்துவிடும். நெஞ்சைச் சுற்றிப் போடும் வார்க்கச்சை, அதன் முதுகு வளையத்திலிருந்து சுழலும் கொக்கி வைத்த குட்டை வார். வாரின் மறுமுனை ப்ளையில் அல்ல, வண்டியின் இரும்பிலேயே பூட்ட வேண்டும். நாய் எழுந்து திரும்பிப் படுக்க முடியும், ஆனால் முன்கால் வண்டியின் ஓரத்தைத் தாண்டாது. இதைச் சரிபார்த்துவிட்டு வாரின் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

ஏறி இறங்குவதற்குப் பின்கதவே படி. சங்கிலியில் மட்டமாக நிற்கும்போது தரையிலிருந்து 28 அங்குலம், அங்கிருந்து மேடைக்கு இன்னும் ஓரடி. இளம் நாய் தாவிவிடும். கட்டையனுக்கு வயது பதினொன்று, இறங்கும்போது தோள் நோகிறது. பழைய கதவுப் பலகை ஒன்றை ஆறடிக்கு வெட்டி, குறுக்கே தேங்காய்நார்க் கயிறு சுற்றி, கதவின் விளிம்பில் மாட்டும்படி கொக்கி வைத்தேன். மேடைக்கு அடியில் அந்தப் பலகையை வைக்க இடமில்லை, நீளம் அதிகம். அதனால் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு வாரால் கட்டிக்கொண்டு போகிறேன்.

மேடை முடிந்த அன்றே ஏற்றிவிடாதீர்கள். நாங்கள் நாலு நாள் முற்றத்தில் தரையில் போட்டு, தும்பையின் சாக்கை மேலே விரித்து, சோற்றையும் அங்கேயே வைத்தோம். அப்புறம் நின்ற வண்டியில். அப்புறம் இன்ஜின் மட்டும் ஓடும் வண்டியில். கடைசியில்தான் தெருவில் ஒரு சுற்று.

முன்சீட்டுக்குப் பின்னாலேயே மேடையின் விளிம்பு வருவதால் இடது கையை நீட்டினால் பலகை எட்டும். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு தட்டுத் தட்டுவேன். மூன்றாவது வாரத்திலிருந்து தும்பை அந்த இரண்டு தட்டுக்கே முன்காலை அகட்டி உட்கார்ந்துவிடுகிறாள்.