வெப் சீரிஸ் பரிந்துரைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"சூப்பர், கண்டிப்பா பாருங்க" என்றால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. முதலில் கணக்கைச் சொல்லுங்கள்: எத்தனை எபிசோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், கதை முடிகிறதா அடுத்த சீசனுக்குத் தொங்குகிறதா. 45 நிமிடம் வீதம் 8 எபிசோடு என்றால் 6 மணி நேரம். வேலைக்குப் போகிறவருக்கு அது மூன்று இரவு.

கதையில், முதல் எபிசோடில் தெரியவருவதைத் தாண்டி ஒரு வரிகூட வேண்டாம். 2022-இல் பிரைம் வீடியோவில் வந்த 'சுழல்' முதல் சீசனுக்கு, "சின்ன ஊர், தொழிற்சாலையில் தீ, அதே சமயம் ஒரு பெண் காணாமல் போகிறாள், பின்னணியில் மயானக்கொள்ளைத் திருவிழா" என்பது போதும். "கடைசியில் ட்விஸ்ட் இருக்கு" என்பதும் கதையை உடைப்பதுதான். கேட்டவர் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகித்தபடியே பார்ப்பார், நடிப்பு கண்ணில் படாது.

வீட்டில் யாரோடு பார்க்கப்போகிறார் என்று கேளுங்கள். திரையில் வரும் யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ குறியீட்டைச் சொல்லுங்கள். மனதை உலுக்கும் விஷயம் இருந்தால், யாருக்கு நடக்கிறது என்று சொல்லாமல் அதை மட்டும் எச்சரியுங்கள்.

டப்பிங்கில் பார்த்துவிட்டு நடிப்பைக் குறை சொல்லாதீர்கள். மூலமொழியில் சப்டைட்டிலோடு ஒரு காட்சியாவது பாருங்கள். தொய்வு இருந்தால் எந்த எபிசோடில் என்று சொல்லிவிடுங்கள். "மூன்றாவது கொஞ்சம் இழுக்கும், நாலில் பிடித்துக்கொள்ளும்" என்று முன்பே தெரிந்தவர் பாதியில் நிறுத்தமாட்டார்.