ஆட்டிசம் இருக்குற டீனேஜ் பிள்ளைக்கு மனநோயும் சேர்ந்து வந்தா: வீட்ல என்ன பாக்கணும், என்ன கேக்கணும்

எங்க பையனுக்கு லிஃப்ட்னா உயிர். நாலு வயசுலேர்ந்து லிஃப்ட் வீடியோதான், கதவு மூடுற சத்தத்தை வச்சே எந்த மாடல்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவான். 14 வயசுல ஒரு நாள் டேப்லெட்டை கவுத்து வச்சவன் அதுக்கப்புறம் அதைத் தொடவே இல்ல. நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா, அப்பாடா, பையன் வளந்துட்டான்னு. சந்தோஷமே பட்டோம், இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையுது. ரெண்டே மாசத்துல ராத்திரி தூக்கம் போச்சு, குளிக்கிறது நின்னுச்சு, பேச்சு பாதியாச்சு. முதல்ல காட்டின இடத்துல "ஆட்டிசம்தானே, இந்த வயசுல இப்படித்தான் இருப்பாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாங்களும் நம்பிட்டு வந்துட்டோம். அதுல எட்டு மாசம் ஓடிப்போச்சு.

அதனால இதை முதல்ல மண்டைல ஏத்திக்கங்க. ஆட்டிசம் தானா ரெண்டு வாரத்துல முத்தாது. வந்துக்கிட்டிருந்த ஒரு திறமை போச்சுன்னா, புடிச்ச விஷயம் புடிக்காம போச்சுன்னா, அதுக்குப் பின்னாடி ஏதோ ஒரு காரணம் இருக்கு. உங்க பிள்ளையை மத்த பிள்ளைங்களோட ஒப்பிட்டா ஒண்ணும் தெரியாது, போன வருஷம் அவனே எப்படி இருந்தான்னு பாத்தாதான் தெரியும், அந்தப் போன வருஷத்து பிள்ளையை உங்களைத் தவிர வேற யாரும் பாத்ததில்ல, டாக்டர் பாத்தது பத்து நிமிஷம்தான்.

சைடுல ஒரு விஷயம். ஆட்டிசம்ங்கிற வார்த்தையை 1911 வாக்குல ப்ளாய்லர்ங்கிற மனநல டாக்டர் கொண்டு வந்ததே ஸ்கிசோஃப்ரினியாங்கிற மனச்சிதைவு நோய்ல வர்ற ஒரு அறிகுறியைச் சொல்லத்தான். ரொம்ப காலம் ரெண்டையும் ஒண்ணாவே போட்டுக் குழப்பிட்டு இருந்தாங்க, 1980ல அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் போட்ட டிஎஸ்எம்-3ங்கிற மனநோய் பட்டியல் புத்தகத்துலதான் ஆட்டிசத்துக்குன்னு தனி இடம் கிடைச்சுது. பிரிச்சது நல்லதுதான், ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்கு வரலாம்ங்கிறது நிறைய பேருக்கு மறந்தே போச்சுன்னு எனக்குத் தோணும். டிப்ரஷன், பதட்டம், ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒண்ணையே செய்ய வைக்கிறது), பைபோலார் (மனசு ரொம்ப மேலயும் ரொம்ப கீழயும் போறது), சைகோசிஸ் (இல்லாத குரல் கேக்குறது, இல்லாததை நம்புறது) எல்லாமே ஆட்டிசம் இருக்குறவங்களுக்கும் வரும், இதுல பலது மத்தவங்களைவிட அதிகமாவே வருது.

எழுத ஆரம்பிங்க, இன்னிக்கே

ஒரு நோட்டு போதும். தூக்கம், சாப்பாடு, குளியல்/டாய்லெட், பேச்சு, புடிச்ச விஷயம், உடம்பு அசைவு, இந்த ஆறும் முன்னாடி எப்படி, இப்ப எப்படி. "சோகமா இருக்கான்"னு எழுதாதீங்க, அதை வச்சு டாக்டரால ஒண்ணும் பண்ண முடியாது. "முன்னாடி 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுவான், இப்ப மூணு வாரமா 3 மணிக்குத் தூங்கி 5 மணிக்கு எழுந்துடுறான், பகல்லயும் தூங்கல, ஆனா களைப்பே இல்ல"ன்னு எழுதுங்க. அந்த கடைசி வார்த்தை முக்கியம், தூங்காம களைப்போட இருக்குறது வேற, தூங்காமலே துள்ளிட்டு இருக்குறது வேற, பைபோலார்ல வர்ற மேனியாவா, அதாவது எல்லை மீறின உற்சாகமான்னு யோசிக்கிறது இங்கதான். போன்ல பழைய வீடியோ கிடக்கும்ல, ஒரு வருஷத்துக்கு முந்தினது ஒண்ணு, போன வாரத்துது ஒண்ணு, ரெண்டையும் ஒரு நிமிஷத்துக்கு வெட்டி வச்சுக்கங்க. நாங்க அரை மணி நேரம் பேசி புரிய வைக்க முடியாததை அந்த ரெண்டு வீடியோ புரிய வச்சுது.

மனசுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி உடம்பு

வலின்னு சொல்லத் தெரியாத பிள்ளை வலிச்சா தலையைத்தான் சுவத்துல முட்டும். பல்லு, காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைவலி, பொம்பளைப் பிள்ளைன்னா பீரியட்ஸ், தைராய்டு, எல்லாம் பாக்கச் சொல்லுங்க. புதுசா ஆரம்பிச்ச மாத்திரை ஏதாவது இருக்கான்னும் யோசிங்க. வலிப்பு ஆட்டிசத்துல டீனேஜ்ல புதுசா ஆரம்பிக்கலாம், கண்ணு ஒரு பக்கமா நிலைகுத்தி நிக்கிறதெல்லாம் வலிப்பா இருக்கலாம். ஸ்கூல்லயோ வேற எங்கயோ யாராவது அடிக்கிறாங்களா, தொடக்கூடாத இடத்துல தொடுறாங்களான்னும் பாக்கணும், இதைக் கேக்க மனசு வராதுதான், ஆனா கேட்டே ஆகணும். நாலஞ்சு நாள்லயோ ரெண்டு மூணு வாரத்துக்குள்ளயோ ஆளே மாறி, குழப்பம், ஜுரம், வலிப்பு, வாயும் கையும் விசித்திரமா அசையறது இதெல்லாம் சேர்ந்து வந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. மூளையில வர்ற ஒருவகை அழற்சி பாக்க அச்சு அசல் மனநோய் மாதிரியே இருக்கும், 2007லதான் அதுல ஒரு முக்கியமான வகையை அடையாளமே கண்டுபிடிச்சாங்க, சீக்கிரம் புடிச்சா வைத்தியம் இருக்கு.

எப்படிக் கேக்கணும்

இதுல நாங்க வாங்கின அடியைச் சொல்றேன். டாக்டர் எங்க பையன்கிட்ட "உனக்குக் குரல் கேக்குதா?"ன்னாரு. "கேக்குது." "தினமுமா?" "தினமும்." "என்ன சொல்லுது?" "கதவுகள் மூடுகின்றன." எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு, அவன் சொன்னது லிஃப்ட் அறிவிப்பை. நல்லவேளை அந்த டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டு வேற மாதிரி கேட்டாரு. "ரூம்ல யாரும் இல்ல, போன் ஆஃப், டிவி ஆஃப். அப்ப யாராவது பேசுறது காதுல விழுந்திருக்கா?" ரொம்ப நேரம் கழிச்சு தலையாட்டினான். "அது உனக்குப் புடிக்குதா?" இல்லன்னான். எட்டு மாசமா நாங்க கேக்காத கேள்வி.

நம்ம பிள்ளைங்க கேள்விக்கு நேர் அர்த்தத்துலதான் பதில் சொல்லும். "எப்படி இருக்க"ன்னா "உக்காந்து இருக்கேன்"னு வரும். ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு கஷ்டம்னு கேட்டா பல பேருக்கு அது புரியாது, உள்ள நடக்குறதுக்குப் பேர் வைக்கிறதே அவங்களுக்குக் கஷ்டம். அதனால உடம்பை வச்சுக் கேளுங்க: நெஞ்சு வேகமா அடிக்குதா, வயிறு இறுகுதா, காலைல எழுந்திரிக்க முடியுதா. முகம் பாத்துப் பேச வேண்டாம், வண்டில போகும்போதோ பக்கத்து ரூம்லேர்ந்து மெசேஜ் போட்டோ கேளுங்க. எங்க பையன் வாயால சொல்லாத எல்லாத்தையும் டைப் பண்ணித்தான் சொன்னான். பேச்சே வராத பிள்ளைன்னா படத்தைக் காட்டி ஆமா/இல்ல போதும், அதுக்கும் மேல உங்க நோட்டு இருக்கு.

சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு பயப்படுவோம், அப்படி ஆகாது. சுத்தி வளைச்சுக் கேட்டாதான் நம்ம பிள்ளைக்குப் புரியாது. தற்கொலை ஆபத்து ஆட்டிசம் இருக்குறவங்களுக்கு அதிகம், அதுலயும் நல்லாப் பேசற, படிக்கிற, "இவனுக்கென்ன"ன்னு எல்லாரும் நினைக்கிற பிள்ளைங்களுக்கு ரொம்பவே. சொல்லும்போது குரல்ல ஏத்த இறக்கமே இருக்காது, நாளைக்கு என்ன கிழமைன்னு சொல்ற மாதிரி சொல்லும். அதை வச்சு சீரியஸா இல்லன்னு எடை போட்டுடாதீங்க. எப்படி பண்ணலாம்னு யோசிச்சும் வச்சிருக்கேன்னு சொல்லிட்டா, அந்த நிமிஷத்துலேர்ந்து தனியா விடாதீங்க, அன்னிக்கே எமர்ஜென்சி.

எது எதுன்னு பிரிக்கிறது

நோய்க்குப் பேர் வைக்கிறது டாக்டர் வேலை, ஆனா கவனிச்சு சொல்றது நாமதான். பொருளை வரிசையா அடுக்குறதுல பிள்ளைக்கு நிம்மதி இருந்தா அது அவன் இயல்பு. செஞ்சே ஆகணும்னு பயந்து பயந்து, அழுதுக்கிட்டே அதையே செஞ்சா ஓசிடியான்னு கேளுங்க. சின்ன வயசுலேர்ந்து வசனத்தை ஒப்பிச்சுட்டு தனக்குத்தானே பேசற பிள்ளை இப்பவும் பேசினா புதுசு இல்ல, பேச்சு நடுவுல நின்னு யாருக்கோ பதில் சொல்ற மாதிரி இருந்தா, பயந்து காதைப் பொத்தினா அது புதுசு.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதைத்தான் சோம்பேறித்தனம்னு திட்டுவோம். கேட்டடோனியா, அதாவது அடுத்த அசைவு வராம உடம்பு அப்படியே உறைஞ்சு நிக்கிற நிலை. எங்க பையன் ஒரு நாள் பாத்ரூம் வாசப்படில ஒரு காலைத் தூக்கினபடி நின்னான். நாப்பது நிமிஷம். அவங்க அப்பா "சும்மா அடம்"னு கத்தினாரு, நானும் கத்தினேன். கடைசில முழங்கையை லேசா தொட்டதும் நடந்து உள்ள போயிட்டான், யாரோ பட்டனை அமுக்கின மாதிரி. அப்புறம் ஸ்பூன் பாதி வழில நிக்கும், சட்டை ஒரு கை போட்டதோட நிக்கும், நாம சொன்னாதான் அடுத்தது நடக்கும். பிரிட்டன்ல ஆட்டிசம் நிபுணர்களான லோர்னா விங்கும் அமிதா ஷாவும் 2000ல வெளியிட்ட ஆய்வுல, அவங்க கிளினிக்குக்கு வந்த ஆட்டிசம் இருக்குற, 15 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்கள்ல 17 சதவீதம் பேருக்கு இந்த மாதிரி மந்தம் இருந்துச்சு. இந்த மந்தம் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு டீனேஜ்லதான் ஆரம்பிச்சிருந்துச்சு. இதுக்கு லோராசிபாம் மாத்திரை, சிலருக்கு ஈசிடின்னு (மயக்கம் கொடுத்து மூளைக்கு லேசா மின்சாரம் கொடுக்குறது) வைத்தியம் இருக்கு, ஆனா சைகோசிஸுக்குக் கொடுக்குற சில மாத்திரைங்க இதை மோசமாக்கலாம், அதனால புது மாத்திரை எழுதும்போது "இது கேட்டடோனியாவா இருக்குமா டாக்டர்"னு வாயைத் திறந்து கேளுங்க. தண்ணிகூட இறங்கல, உடம்பு விறைச்சு ஜுரமும் அடிக்குதுன்னா அது எமர்ஜென்சி.

டாக்டர்கிட்ட போறப்போ

ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துட்டுப் போங்க. மேல பாதில "இது அவன் இயல்பு": கண்ணைப் பாத்துப் பேசமாட்டான், கையை உதறுவான், சொன்னதைத் திருப்பிச் சொல்லுவான். கீழ பாதில "இது புதுசு, இந்த மாசத்துலேர்ந்து". இது இல்லாம போனா கையை உதறுறதை பதட்டம்னும், கண்ணைப் பாக்காததை நோய்னும் எழுதிடுவாங்க, அட்மிட் ஆனா இன்னும் மோசம், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும், அதனால அந்தப் பக்கத்தை நாலு காப்பி எடுத்து ஒண்ணைக் கட்டில்லயே ஒட்டிடுங்க. ஹெட்போனும் அவனோட தலகாணியும் கூடவே போகட்டும்.

மாத்திரை எழுதினா நான் மூணு கேள்வி கேப்பேன்: இது எந்த அறிகுறிக்கு, எத்தனை வாரத்துல தெரியும், என்ன ஆனா உடனே உங்களைக் கூப்பிடணும். சைகோசிஸுக்குக் கொடுக்குற மாத்திரைங்கதான் ரிஸ்பெரிடோனும் அரிபிப்ரசோலும், அதுங்களுக்கு 2006லயும் 2009லயும் அமெரிக்காவோட மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது ஆட்டிசத்தோட வர்ற கடும் எரிச்சலுக்குத்தான். அந்த எரிச்சல் அடங்கி பிள்ளை அமைதியாயிட்டான்னு நாம நிம்மதியாயிடுவோம், உள்ள இருக்குற டிப்ரஷன் அப்படியே கிடக்கும். இந்த வகை மாத்திரைல எடை ஏறும், சர்க்கரையும் கொழுப்பும் அப்பப்ப ரத்தத்துல பாக்கணும். டிப்ரஷன் மாத்திரைல முதல் சில வாரம் கண்ணைப் பிள்ளை மேலயே வச்சிருங்க, 25 வயசுக்குக் கீழ சிலருக்கு தற்கொலை எண்ணம் கூடலாம்னு எச்சரிக்கையே போட்டிருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு சைடு எஃபெக்ட் சீக்கிரம் வரும், கம்மி டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துறதுதான் நல்லது, ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது என்ன பண்ணுச்சுன்னே தெரியாது. மாத்திரை ஆரம்பிச்ச பிறகு உக்காரவே முடியாம ரூமுக்குள்ள நடந்துட்டே இருந்தா ஸ்டிம்மிங்னு (ஆட்டிசத்துல இயல்பா ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப செய்யறது) விட்டுடாதீங்க, அகதீசியான்னு ஒரு சைடு எஃபெக்ட் இருக்கு, உள்ளுக்குள்ள தாங்கவே முடியாத அவஸ்தை அது. முழுங்கத் தெரியலன்னா சிரப் இருக்கான்னு கேளுங்க, கேக்காம பொடி பண்ணாதீங்க, மெதுவா கரையற மாதிரி செஞ்ச மாத்திரையைப் பொடி பண்ணக்கூடாது. நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தவும் கூடாது.

வீட்டுக்குள்ள

எல்லா மாத்திரையும் பூட்டுக்குள்ள போகணும், தாத்தா பாட்டியோட மாத்திரை டப்பா உட்பட, நிறைய வீட்ல அதுதான் மேசைமேல திறந்து கிடக்கும். கத்தி, ப்ளேடு, பூச்சி மருந்தும் அப்படித்தான். சைகோசிஸ்ல பிள்ளை சொல்றதை "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னு வாதாடாதீங்க, ஆமான்னும் தலையாட்டாதீங்க. "எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது, பயமா இருக்கும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்." இவ்வளவு போதும், அதுவும் மெதுவா, கம்மி வார்த்தைல. அடிக்க வந்தா யார் தம்பி தங்கச்சியைக் கூட்டிட்டு எந்த ரூமுக்குப் போறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கங்க. எக்காரணம் கொண்டும் குப்புற அமுக்கிப் பிடிக்காதீங்க, மூச்சு நின்னுடும்.

ஸ்கூல், தெரபி டார்கெட் எல்லாத்தையும் கொஞ்ச நாள் கீழ இறக்குங்கன்னுதான் நான் சொல்லுவேன், காலொடிஞ்ச பிள்ளையை ஓடச் சொல்ல மாட்டோம்ல. கவுன்சிலிங் போறதா இருந்தா பேச்சோட நிறுத்தாம எழுதி, படம் வரைஞ்சு, பிள்ளைக்குப் புடிச்ச விஷயத்தை வச்சு நடத்துறவங்களைத் தேடுங்க. எங்க தெரபிஸ்ட் பதட்டத்தை மாடிகளா வரைஞ்சாங்க, "இப்ப எந்த மாடில நிக்கிற?" அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் அவன் பேனாவைக் கையில எடுத்தான், ரெண்டு பேஸ்மென்ட் சேர்த்து வரைஞ்சான்.

நீங்களும் அவரும் ராத்திரியை ரெண்டா பிரிச்சுத் தூங்குங்க, ரெண்டு பேருமே முழிச்சிருக்கறதுல யாருக்கும் லாபம் இல்ல.

கொஞ்சம் தெளிஞ்சதும், மறுபடி வந்தா முதல்ல எது மாறும்னு பிள்ளையையும் சேர்த்து வச்சு ஒரு லிஸ்ட் எழுதிடுங்க. எங்களுது அலமாரிக் கதவோட உள்பக்கம் ஒட்டியிருக்கு. முதல் வரி, டேப்லெட் ரெண்டு நாள் கவுந்தே கிடந்தா டாக்டருக்குப் போன். ரெண்டாவது, ரெண்டு ராத்திரி தொடர்ந்து நாலு மணி நேரத்துக்குக் கீழ தூங்கினா போன். மூணாவதை அவனே அவன் கையெழுத்துல எழுதினான்: லிஃப்ட்ல என் பேரைச் சொன்னா அம்மாகிட்ட சொல்லணும்.